வீட்டின் அளவு: ஹுஜுராத் முதல் ஹிதாயா வரை

ஒரு குடும்பம் வாழ எவ்வளவு இடம் வேண்டும் என்னும் கேள்வியை நம் காலம் சதுர அடியில் கேட்கிறது. வீட்டுமனை விளம்பரங்களும் வங்கிக் கடன் படிவங்களும் அப்படித்தான் கேட்கின்றன. இக்கேள்விக்கு மார்க்க நூல்களில் விடை தேடும் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு நபிமொழிகளுள் ஒன்றைப் பற்றிக்கொள்கின்றனர். பெரிய வீடு கட்ட விரும்புவோர், விசாலமான இல்லமும் நல்ல அண்டை வீட்டாரும் இதமான வாகனமும் ஒரு முஸ்லிமின் நற்பேறுகளைச் சேர்ந்தவை என்னும் கருத்துடைய நபிமொழியை எடுத்துக்காட்டுவர். கட்டுவதைக் கண்டிப்போர், ஒருவர் செய்யும் செலவுகள் அனைத்திற்கும் நற்கூலி உண்டு, மண்ணில் இடும் செலவைத் தவிர என்னும் கருத்தில் கப்பாப் (ரலி) அவர்கள் கூறியதை முன்வைப்பர். முன்னது இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் அல்அதபுல் முஃப்ரதிலும், பின்னது அவர்களுடைய ஸஹீஹிலும் இடம்பெற்றுள்ளன. ஒரே இமாம் தம் இரு நூல்களிலும் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார் என்பதும், கப்பாப் (ரலி) அவர்கள் அதைக் கூறியபோது தமக்காக ஒரு சுவரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அறிவிப்பிலேயே இருப்பதும் ஏனோ மேடைகளில் சொல்லப்படுவதில்லை.

இவ்விரண்டையும் மோதவிட்டு ஒன்றை வெல்லச் செய்வது நம் நோக்கமன்று. முற்காலச் சமுதாயம் வீட்டை எதனால் அளந்தது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. அதற்கு மதீனாவிலிருந்து தொடங்க வேண்டும்.

கி.பி. 622இல் ஹிஜ்ரத் செய்து வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலைக் கட்டியபோது அதையொட்டி எழுந்த இல்லங்கள் இரண்டே. ஒன்று அன்னை ஸவ்தா (ரலி) அவர்களுக்கு, மற்றொன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு. பின்னர் ஒவ்வொரு திருமணத்தின்போதும் ஓர் இல்லம் சேர்ந்தது. பள்ளியின் அருகில் வீடுகள் வைத்திருந்த ஹாரிஸா இப்னு நுஃமான் (ரலி) அவர்கள் ஒவ்வொரு முறையும் தம் இடத்தை விட்டுக்கொடுத்து நகர்ந்துகொண்டே இருந்தார்கள் என்றும், அதைக் கண்டு அண்ணலார் வெட்கமுறுவதாகக் கூறினார்கள் என்றும் இப்னு ஸஅது (ரஹ்) தம் தபகாத்தில் எழுதுகிறார். அண்ணலார் மறைந்தபோது மனைவியர் ஒன்பதின்மர், இல்லங்களும் ஒன்பது.

அவற்றை இடிக்கப்பட்ட காலத்தில் கண்ட ஒருவரின் வருணனை அதே நூலில் உள்ளது. நான்கு இல்லங்கள் சுடாத செங்கல்லால் ஆனவை. அவற்றின் முன்பகுதி பேரீச்ச மட்டைகளால் அடைக்கப்பட்டிருந்தது. ஏனைய ஐந்தும் மண் பூசிய மட்டைகளே. அவற்றுக்கு முன்பகுதியும் இல்லை. வாயில்களில் மரக்கதவுகளுக்குப் பதிலாகக் கறுப்பு முடிக்கம்பளித் திரைகள் தொங்கின. முன்வாசலிலிருந்து உள்வாசல் வரை ஆறு அல்லது ஏழு முழம், உள்ளறை பத்து முழம் என்று தாவூத் இப்னு கைஸ் (ரஹ்) மதிப்பிட்டதை அல்அதபுல் முஃப்ரத் தருகிறது. ஒரு முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் உள்ளறை ஏறத்தாழப் பதினைந்து அடி. சிலர் இவ்வெண்களைப் பெருக்கிச் சதுர அடிக் கணக்கொன்றை மிகத் துல்லியமாகச் சொல்லிவிடுகின்றனர். அறிவிப்பாளர் தாம் அனுமானிப்பதாகவே சொல்கிறார். ஒரு பக்க அளவைத்தான் சொல்கிறார். உயரம் பற்றியோ அறிவிப்புகளே ஒத்துப்போகவில்லை. தாவூத் ஏழெட்டு முழம் என்கிறார், அதாவது பத்தடிக்கு மேல். ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்களோ உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் அந்த இல்லங்களுக்குள் சென்றதாகவும் கூரையைக் கையால் தொட்டதாகவும் கூறுகிறார். அப்போது அவர் சிறுவர் என்பதை நினைத்தால் கூரை மிகத் தாழ்வாகவே இருந்திருக்க வேண்டும். ஒன்பது இல்லங்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்று கொள்வதே பொருந்தும்.

முழக்கணக்கைக் காட்டிலும் அங்கு நடந்த வாழ்க்கை இடத்தின் அளவைத் தெளிவாகச் சொல்கிறது. அண்ணலார் இரவில் தொழுகையில் நிற்கும்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முன்னே படுத்திருப்பார்கள். ஸஜ்தா செய்யும் வேளையில் அண்ணலார் மெல்லத் தொட, அன்னையார் கால்களை மடக்கிக்கொள்வார்கள். அக்காலத்தில் வீடுகளில் விளக்கு இருந்ததில்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள். பின்னாளில் அதே இல்லத்தில் மூன்று அடக்கத்தலங்கள் அமைந்தன. இல்லம் சுவர் ஒன்றால் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதியில் அடக்கத்தலங்களும் மறுபாதியில் அன்னையாரும் இருந்தனர் என்று இமாம் மாலிக் (ரஹ்) வழியாக இப்னு ஸஅது பதிவு செய்கிறார். பாதியாகக் குறைந்த அந்த அறையிலிருந்துதான் மதீனாவின் அறிஞர்கள் திரைக்கு அப்பால் அமர்ந்து மார்க்கம் கற்றனர்.

இவ்வளவு சிறிய இடத்தில் மறைவு என்பது எப்படிக் காக்கப்பட்டது? ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் மணவிருந்து. ஏறத்தாழ முந்நூறு பேர் பத்துப் பத்துப் பேராக வந்து உண்டு சென்றனர் என்கிறார் அனஸ் (ரலி). உண்ட பின்னும் சிலர் எழவில்லை, பேசிக்கொண்டே இருந்தனர். மணமகள் எங்கே போவார்கள்? வேறோர் அறை இல்லை. சுவரை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள் என்று முஸ்லிமின் அறிவிப்பில் வருகிறது. அதன் பிறகே அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் இறங்கியது, திரையும் விழுந்தது. அவ்வசனம் விருந்தினருக்கு, அழைக்கப்படாமல் நுழையாதீர்கள், உண்டபின் கலைந்துவிடுங்கள் என்னும் ஒழுங்கைக் கற்பித்ததே தவிர, வீட்டாருக்கு அறையைப் பெரிதாக்கச் சொல்லவில்லை. அந்நூர் அத்தியாயத்தில் அனுமதி கேட்டு நுழையும் சட்டமும், மூன்று நேரங்களில் வீட்டுச் சிறுவர்களும் அனுமதி கேட்க வேண்டும் என்னும் சட்டமும் உள்ளன. இடம் குறைவாக இருந்த சமுதாயத்திற்கு இறங்கிய சட்டங்கள் இவை என்பதை மனத்தில் கொண்டு படிக்கும்போது அவற்றின் தேவை இன்னும் நன்கு விளங்கும்.

இவ்விடத்தில் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் சுவர் பற்றிய செய்தியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அண்ணலார் தூமத்துல் ஜன்தல் பயணத்திற்குச் சென்றிருந்தபோது அன்னையார் தம் இல்லத்தின் முன்பகுதியை மட்டைகளுக்குப் பதிலாகச் செங்கல்லால் கட்டிவிட்டார்கள். திரும்பி வந்த அண்ணலார் இது என்ன கட்டடம் என்று கேட்டார்கள். மக்களின் பார்வையைத் தடுக்க விரும்பினேன் என்பது அன்னையாரின் மறுமொழி. ஒரு முஸ்லிமின் செல்வம் போய்ச்சேரும் இடங்களில் மிக மோசமானது கட்டடமே என்னும் கருத்தில் அண்ணலார் பதிலளித்தார்கள். அறிவிப்பு வாகிதீ வழி வருவதால் ஹதீஸ் கலை அறிஞர்கள் அதைச் சட்டத்திற்கு ஆதாரமாகக் கொள்ளார். வரலாற்றுச் செய்தியாக ஏற்பர். நம் சொற்பொழிவாளர்கள் பெரும்பாலும் கடைசி வாசகத்தோடு நிறுத்திவிடுவர். அறிவிப்பின் தொடக்கத்தை அவர்கள் படிப்பதில்லை. இல்லங்கள் இடிக்கப்பட்ட நாளில் அச்சுவரை நின்றவாறே கண்ட ஒருவர், இது மட்டும் ஏன் செங்கல்லாய் இருக்கிறது என்று அன்னையாரின் பேரரிடம் கேட்டதற்குக் கிடைத்த விளக்கமே இச்செய்தி. அப்படியானால் அண்ணலார் கண்டித்த அந்தச் சுவர் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றிருக்கிறது. அதை அவர்கள் இடிக்கச் சொல்லவில்லை. கட்டும் ஆசை கண்டிக்கப்பட்டது; ஒரு பெண் தன் மறைவுக்காக எழுப்பிய சுவர் விட்டுவைக்கப்பட்டது.

இடிப்பு நிகழ்ந்தது ஹிஜ்ரி 88இல் (கி.பி. 707). உமையா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் பள்ளிவாசலை விரிவாக்க ஆணையிட்டார். மதீனாவின் ஆளுநராக இருந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) நிறைவேற்றினார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லம் அடக்கத்தலங்களின் பொருட்டுச் சுவரால் சூழப்பட்டுக் காக்கப்பட்டது. மற்றவை பள்ளிக்குள் மறைந்தன. கலீஃபாவின் கடிதம் வாசிக்கப்பட்ட நாளில் மதீனா அழுததைப் போல் வேறெந்நாளிலும் அழக் கண்டதில்லை என்கிறார் அதாஉல் குராஸானீ. ஸயீத் இப்னுல் முஸய்யிப் (ரஹ்) அவர்களின் வருத்தம் புகழ்பெற்றது. அவை அப்படியே விடப்பட்டிருந்தால், இனி வளரும் மதீனாவின் பிள்ளைகளும் தொலைவிலிருந்து வருவோரும் அண்ணலார் எதைக் கொண்டு போதுமாக்கிக்கொண்டார்கள் என்பதைக் கண்டு, செல்வப் பெருக்கத்திலும் பெருமையடிப்பதிலும் ஆசையற்றிருப்பார்கள் என்று அவர் சொன்னார். எளிமைக்கு மட்டைகளால் ஆன அந்த ஒன்பது இல்லங்களைவிடச் சிறந்த பாடநூல் இல்லை என்று அவர் கருதியது சரியே.

ஆனால் அப்பாடத்தை நம்மில் சிலர் பாதியாகவே படித்திருக்கின்றனர். கூட்டுக் குடும்பத்தில் தனக்கென ஓர் அறை வேண்டும் என்று கேட்கும் மருமகளை வாயடைக்க இந்த ஹுஜுராத்தின் சிறுமையை உவமை காட்டுவோர் உண்டு. அன்னையர் வாழ்ந்தது பதினைந்தடி அறையில் என்பது உண்மை. அது ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதினைந்தடி என்பதும் அதே அளவு உண்மை. ஒன்பது மனைவியரை ஒரே கூரையின் கீழ் வைத்து இடத்தை மிச்சப்படுத்த அண்ணலார் நினைக்கவில்லை. இடத்தைக் குறைத்தார்கள்; வாசலைக் குறைக்கவில்லை. சிறுமையை எடுத்துக்கொண்டு தனிமையை விட்டுவிடுவது அந்த இல்லங்களின் வரலாற்றுக்குச் செய்யும் நியாயமாகாது.

மதீனாவிற்கு வெளியே, புதிய நகரங்கள் எழுந்தபோது இக்கேள்வி அரசின் கேள்வியாயிற்று. ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) ஈராக்கில் கூஃபா நிறுவப்பட்டது. முதலில் எல்லாம் நாணல் குடிசைகள். தீப்பிடித்து எண்பது குடிசைகள் எரிந்தன. செங்கல்லால் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு ஆள் அனுப்பினர். கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் எவரும் மூன்று ‘பைத்’களுக்கு மேல் கட்ட வேண்டாம், உயரத்தில் போட்டியிடவும் வேண்டாம் என்று விடை வந்தது. இதனை மூன்று வீடுகள் என்று மொழிபெயர்த்திருப்பதைத் தமிழில் கண்டிருக்கிறேன். அரபியில் இவ்விடத்து ‘பைத்’ என்பது அறை. முற்றமும் அறைகளும் சேர்ந்த முழு வீடு ‘தார்’. எனவே கலீஃபா சொன்னது ஒரு வீட்டிற்கு மூன்று அறைகள்.

மூன்று என்ற எண்ணோடு செய்தி முடியவில்லை. கட்டடத்தை அளவுக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்றும் கலீஃபா கூறியிருந்தார். அந்த அளவு எது என்று கேட்டனர். வீண்விரயத்தின் பக்கம் உங்களை நெருக்காததும், நடுநிலையிலிருந்து உங்களை வெளியேற்றாததும் என்பதே அவர் தந்த விளக்கம். தெருக்களுக்கு நாற்பது, முப்பது, இருபது முழம் என்றும் சந்துகளுக்கு ஏழு முழம் என்றும் அங்கே எண்கள் வகுக்கப்பட்டிருக்க, வீட்டின் உயரத்திற்கு மட்டும் எண் சொல்லப்படாதது கவனத்திற்குரியது. தபரீ (ரஹ்) இதை ஸைஃப் இப்னு உமர் வழியாக எடுத்தெழுதுகிறார். ஸைஃப் ஹதீஸில் பலவீனமானவராயினும் கூஃபாவின் நில அமைப்புக்கு வரலாற்றாசிரியர்கள் அவரையே பெரிதும் சார்ந்துள்ளனர்.

எகிப்தின் புதிய நகரமான ஃபுஸ்தாத்தில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் மாடியறை ஒன்றைக் கட்டினார்கள். அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தை அது பார்க்க இடந்தரும் என்னும் கவலை கலீஃபாவை எட்டியது. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குச் சென்ற ஆணையை இப்னு அப்தில் ஹகம் எழுதுகிறார்: அம்மாடியறையில் ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையும் குட்டையும் அல்லாத ஒருவரை அதன்மேல் நிறுத்துங்கள், அவர் சாளரத்தின் வழியே வெளியே பார்க்க முடிந்தால் இடித்துவிடுங்கள். சோதித்தார்கள், கண் எட்டவில்லை, அறை நின்றது. கட்டடச் சட்ட வரலாற்றில் இத்தனை நடைமுறைத் தெளிவுள்ள சோதனை அரிது. மாடி கட்டியது குற்றமாக எண்ணப்பட்டிருந்தால் கட்டிலுக்கு வேலையே இருந்திராது.

துறவு நோக்கில் எழுதிய இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) மட்டும் ஓர் எண்ணைத் துணிந்து சொல்கிறார். ஆறு முழத்திற்கு மேல் கூரையை உயர்த்த விரும்புபவர் வீட்டு விஷயத்தில் பற்றின்மையின் எல்லையைத் தாண்டிவிட்டார் என்பது இஹ்யாவில் அவர் கருத்து. ஆறு முழம் ஒன்பதடி. இன்றைய அடுக்குமாடி வீட்டின் உயரம் அதை ஒட்டியே இருக்கிறது. இமாமின் வரம்பை நம் கட்டுநர்கள் வேறு காரணத்திற்காகப் பேணுகின்றனர்!

சட்ட அறிஞர்கள் இந்த வழியில் செல்லவில்லை. அவர்கள் முன் வந்தது, கணவன் மனைவிக்கு எத்தகைய இருப்பிடம் தரக் கடமைப்பட்டவன் என்னும் வழக்கு. அத்தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை அடிப்படையாகக் கொண்டு அவர்கள் இதை ஆராய்ந்தனர். ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த மர்கீனானீ (ரஹ்) ஹிதாயாவில் தரும் முடிவு இது: அவள் விரும்பினாலன்றி, கணவனின் உறவினர் எவரும் இல்லாத தனி இல்லம் அவளுக்குரியது. பெரிய வீட்டில் பூட்டு உள்ள தனியறை ஒன்றைக் கொடுத்தாலும் போதும். ஏனெனில் நோக்கம் நிறைவேறிவிட்டது. நீளமும் அகலமும் இங்கே பேசப்படவில்லை. ‘கலக்’ எனப்படும் பூட்டு பேசப்படுகிறது. இப்பகுதியை நடத்தும்போது, அது வெளியே போடும் பூட்டா, உள்ளே போடும் தாழ்ப்பாளா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆசிரியரே கூறும் காரணங்களில் விடை இருக்கிறது. பிறரோடு சேர்ந்திருந்தால் அவளுடைய பொருள்களுக்குப் பாதுகாப்பில்லை என்பது ஒன்று. கணவனோடு இயல்பாக வாழ இயலாது என்பது மற்றொன்று. முன்னதற்கு வெளிப்பூட்டும் பின்னதற்கு உள்தாழ்ப்பாளும் வேண்டும்.

பின்வந்தோர் இதனோடு நிற்கவில்லை. சமையலிடமும் கழிப்பிடமும் சேர வேண்டும் என்று சேர்த்தனர். ஹிஜ்ரி 1252இல் (கி.பி. 1836) திமிஷ்கில் மறைந்த இப்னு ஆபிதீன் (ரஹ்), செல்வ வளமுள்ள பெண்ணுக்குத் தனி வீடே வேண்டும், நடுத்தர நிலையினளுக்கு வீட்டில் ஓர் அறை போதும் என்று வகுத்துவிட்டு, ஃபத்வா வழங்குபவர் தம் காலத்தையும் தம் ஊர் மக்களின் நிலையையும் பார்க்க வேண்டும், இல்லையேல் நல்லறமான இல்வாழ்க்கை கைகூடாது என்கிறார். ஷாஃபியீ மத்ஹபிலோ இன்னும் ஒருபடி மேலே சென்று, உணவையும் உடையையும் கணவனின் வசதிக்கேற்ப அளவிட்ட அறிஞர்கள், இருப்பிடத்தை மட்டும் மனைவியின் தகுதிக்கேற்ப அளவிட்டனர். மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்) அவளுக்குப் பொருத்தமான இருப்பிடம் என்றே எழுதுகிறார். உணவும் உடையும் அவளுக்கு உடைமையாகின்றன, பிடிக்காவிடில் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் வாழ மட்டுமே அவளுக்கு உரிமை, மாற்ற வழியில்லை. ஆகவே அது தொடக்கத்திலேயே அவளுக்குப் பொருந்த வேண்டும் என்பது விரிவுரையாளர்கள் கூறும் காரணம்.

ஷாஃபியீ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களான காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும், இலங்கையின் கீழைக்கரையிலும் வீடு பெண்மக்களுக்குச் சேர்வதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதும் நெடுநாள் வழக்கம். ஃபிக்ஹு நூல்கள் கணவன் மீது சுமத்திய கடமையை இங்கே பெண்ணின் பெற்றோர் சுமக்கின்றனர் என்னும் குறை இவ்வழக்கத்தின் மீது உண்டு. அது புறக்கணிக்கத்தக்க குறையன்று. மகளுக்கு வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்னும் கட்டாயத்தில் கடனாளியான தந்தையர் பலர். எனினும், மனைவி தன் உறவினர் நடுவே, தன் வாசலுக்குள் இருக்கிறாள் என்பதை ஹிதாயாவின் காரணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதிய வீடு கட்ட இயலாதபோது ஒரே வீட்டை இரு மகள்களுக்குப் பிரித்து நடுவே சுவர் எழுப்புவதும் நடக்கிறது. அச்சுவரால் வீடு இரண்டாகிறதா, அன்றி இரண்டு இடுக்குகளாகிறதா என்பதுதான் சிக்கல்.

இச்சிக்கலுக்கும் ஃபிக்ஹில் தனிப் பாடம் உண்டு. கிதாபுல் கிஸ்மா எனும் பங்கீட்டுப் பாடத்தில், கூட்டாளிகள் ஒவ்வொருவரும் தத்தம் பங்கிலிருந்து பயன்பெற முடியுமானால், ஒருவர் கேட்டாலும் நீதிபதி பிரித்துக்கொடுப்பார். பிரித்தால் எல்லோருக்கும் கேடு என்றால், அனைவரும் மனமொப்பினாலன்றிப் பிரிக்க மாட்டார். குளியல் கூடமும் கிணறும் திரிகைக் கல்லும் இதற்கு எடுத்துக்காட்டுகள். பிரிக்க முடியாத அளவு சிறிய அறையையும் சேர்ப்பர். பங்குதாரருக்குச் சொத்தில் எத்தனை முழம் வருகிறது என்பதை வாரிசுச் சட்டம் மிக நுணுக்கமாகச் சொல்லிவிடும். அத்தனை முழத்தில் வாழ முடியுமா என்பதை அது சொல்லாது. அங்கே இப்பாடம் குறுக்கிட்டுக் கேட்கிறது. வீட்டுப் பங்கீட்டில் ஃபராயிளை மட்டும் பார்த்துவிட்டு கிஸ்மாவைப் பாராமல் தீர்ப்புச் சொல்வது நம் ஜமாஅத்துகளில் காணப்படும் ஒரு குறை.

மீண்டும் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் வருவோம். ஆளுநராக இருந்து ஹுஜுராத்தை இடித்தவர், ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) கலீஃபாவானார். கடன்பட்டோரின் கடனைப் பொது நிதியிலிருந்து அடைக்குமாறு ஆளுநர்களுக்கு எழுதினார். கடன்பட்டவர் ஒருவரிடம் வீடு, பணியாள், குதிரை, தட்டுமுட்டுச் சாமான்கள் ஆகிய அனைத்தும் இருக்கக் காண்கிறோமே என்று பதில் கடிதம் வந்தது. அபூ உபைது (ரஹ்) கிதாபுல் அம்வாலில் இதைத் தருகிறார். ஒரு முஸ்லிமுக்கு வாழ ஒரு வீடும், வேலைக்கு உதவ ஒரு பணியாளும், பகைவரை எதிர்க்க ஒரு குதிரையும், வீட்டில் வேண்டிய சாமான்களும் இல்லாமல் இயலாது என்று கலீஃபா விடையெழுதினார். அந்த வீட்டின் நீள அகலத்தை ஆளுநர்கள் எழுதியதாகவோ கலீஃபா கேட்டதாகவோ அச்செய்தியில் இல்லை. அவர் கடனாளியே, அவருக்காக அடைத்துவிடுங்கள் என்று கடிதம் முடிகிறது.